நோம்பி மாதத்தில் மிஷின் தள்ளிய வரிகள்

வெளியிலிருந்து வரும் ஜேசான் டேட்டாக் கோப்பைப் பிரிக்காமல் கொள்ளாமல், வந்தது வந்தபடி ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபீல்டு உள்ள டேபிளில் கொட்டி வையுங்கள் என்று சொன்னால் உங்களில் பாதிப் பேர் முகம் சுளிக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் என்னைப் பேச அழைத்தபோது ஒரு பெண் எழுந்து கேட்டாள். “எப்படியும் பிரிச்சுத்தானே மேடம் ஆகணும்? ஏத்தும்போதே பிரிச்சுட்டா என்ன? குப்பையை எதுக்குச் சேத்து வைக்கணும்?” நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்குத் தொண்டை சரியில்லை, தலையும் வலித்தது. “வெச்சுக்கோம்மா, எப்பவாவது உதவும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது சோம்பேறிப் பதில். இது கொஞ்சம் நீளமான பதில். பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. இந்த வயதில் வருத்தப்பட வேறு விஷயங்கள் இருக்கின்றன.

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருந்தேன். செக்‌ஷன் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஏசி போட்ட ஓர் அறை, ஒரு சர்வர், காது கிழியக் கத்தும் ஒரு பிரின்டர், எங்கள் மேனேஜர், நான். ஏசி எங்களுக்காக இல்லை, சர்வருக்காக. உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். கோயிலுக்குக்கூட அத்தனை பயபக்தியோடு யாரும் போய் நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் மில் கேட்டில் பஞ்சிங் மிஷின் வைத்தார்கள். தொழிலாளி தன் அட்டையை அதில் இழுத்தால் டோக்கன் நம்பர், தேதி, மணி, உள்ளே வந்தாரா வெளியே போனாரா என்பதெல்லாம் இடைவெளி இல்லாமல் ஒரே வரியாக விழும். காலையில் அந்த வரிகளை ஃபிளாப்பியில் எடுத்துவந்து டேட்டாபேஸில் ஏற்றுவது என் வேலை. மிஷினோடு வந்த புரோகிராம் ஒவ்வொரு வரியையும் பிரிக்கும். அந்த டோக்கனுக்கு அன்றைக்கு என்ன ஷிஃப்ட் என்று பார்க்கும். வந்த நேரம் ஷிஃப்டோடு பொருந்தினால் வருகைப்பதிவு டேபிளில் போடும். பொருந்தாவிட்டால் ‘ரிஜக்ட்’ என்று ஒரு கோப்பில் எழுதி, தாளிலும் அடித்துத் தள்ளிவிடும். மறுநாள் ரிஜக்ட் கோப்பின் மேலேயே புது ரிஜக்ட் எழுதப்படும், பழையது போய்விடும்.

எங்கள் மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. அவர் அதிகம் பேசாத மனிதர். எந்த நேரமும் இப்போதுதான் தூங்கி எழுந்தவர் போலிருப்பார். மிஷின் கம்பெனிக்காரர் வந்து எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் என்னிடம் திரும்பினார்.

“பிரிக்கறதுக்கு முன்னாடி, வந்தது வந்தபடியே ஒரு டேபிள்ல போட்டுப்போடுங்க அம்மணி. ஒரே ஃபீல்டு. டெக்ஸ்ட்டு. இது நம்பரு, இது தேதின்னு நாம எதுவும் சொல்ல வேண்டாமுங்க. நம்ம அபிப்பிராயம் அதுல கலக்கவே கூடாது.”

கம்பெனிக்காரர் சிரித்தார். டிஸ்க் அப்போது தங்கம் மாதிரி, குப்பையை வைக்கவா அதை வாங்கினீர்கள் என்று கேட்டார். மேனேஜர் பதிலுக்குச் சிரிக்கவில்லை. போட்டுப்போடுங்க என்று என்னிடம் இன்னொரு தடவை சொன்னார், அவ்வளவுதான். அவர் சொன்னதன் அருமை எனக்குச் சீக்கிரமே புரிந்தது. மிஷினின் பேட்டரி அடிக்கடி செத்துப்போய், இல்லாத தேதியையெல்லாம் அடித்து அனுப்பும். தேதி ஃபீல்டு அதைப் பார்த்ததும் முறுக்கிக்கொண்டு வாங்க மறுக்கும். பிப்ரவரி முப்பது என்று வந்தாலும் டெக்ஸ்ட் வாயை மூடிக்கொண்டு வாங்கிவைக்கும். பிறகு நாம் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம். தொழில்நுட்பப் பாடம் இவ்வளவுதான். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. மிச்சமெல்லாம் மனிதர்கள் சமாசாரம்.

ஒருநாள் மத்தியானம் ஆறுச்சாமி வந்து எங்கள் அறை வாசலில் நின்றார். ஸ்பின்னிங்கில் வேலை. சூலூருக்குத் தெற்கே ஏதோ ஊர். மில்லில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது, ஏனென்றால் தொழிலாளர் கமிட்டிக் கூட்டத்தில் கேள்வி கேட்பவர் அவர் ஒருவர்தான். கேன்டீன் டீ ஏன் கழுநீர் மாதிரி இருக்கிறது, ஓடாத ஃபேனுக்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் குரலை உயர்த்தாமல், ‘ங்க’ போட்டே கேட்பார். மேலே இருப்பவர்களுக்கு அது கத்துவதைவிட எரிச்சலாக இருந்தது. அன்று செருப்பைக் கழற்றிவிட்டும் உள்ளே வரவில்லை. கையில் ஒரு கவர் இருந்தது.

“ஏனுங்க அம்மணி, நான் வேலைய உட்டு நின்னுபோட்டேன்னு சொல்றாங்க. நான் ஒரு நாளும் நிக்கலீங்க. வெள்ளிக்கிழம என்கொயரியாமுங்க. மிசின்ல என்ற பேரே இல்லியாமா. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?”

சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து பல நாள் வராவிட்டால் தானாகவே வேலையை விட்டுவிட்டதாகக் கருதலாம் என்று மில்லின் நிலையாணையில் ஒரு விதி உண்டு. அந்த விதியைத்தான் அவர்மேல் போட்டிருந்தார்கள். என்கொயரி முடிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். இருபது வருடமாக வேறு வேலை தெரியாத மனிதர். வேறு மில்லுக்குப் போனாலும், ஓடிப்போனவன் என்ற பேரோடு போனால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

எந்தெந்த நாட்கள் என்று கேட்டேன். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. அதே மில்லில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தும் அதுவரை யாரும் என்னிடம் சொல்லாத விஷயம்.

அவர் ஊரில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, தொடங்குவதாகச் சாட்டி, அவர் கையில் காப்புக் கட்டியிருந்தார். மஞ்சள் கயிறுதான். ஆனால் அதைக் கட்டிவிட்டால் நோம்பி முடியும்வரை ராத்திரி ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது சாய்ந்தால் ஊருக்குள் இருக்க வேண்டும். அந்த வாரங்களில் அவருக்கு விழுந்திருந்ததோ முழுநைட்டு. மில்லில் நடுராத்திரியிலிருந்து காலைவரை ஓடும் ஷிஃப்டுக்கு அந்தப் பெயர். அதனால், முஸ்லிம்கள் நிறைய இருக்கும் உக்கடத்திலிருந்து வரும் காதர் பாயோடு ஷிஃப்டை மாற்றிக்கொண்டார். பாயின் பகல் ஷிஃப்டை இவர் பார்த்தார், இவருடைய முழுநைட்டைப் பாய் பார்த்தார். பதிலுக்கு ரமலான் வந்தால், சாயங்காலம் தொடங்கிப் பாதி ராத்திரியில் முடியும் அரைநைட்டு பாய்க்கு விழும்போதெல்லாம் இவர் நிற்பார், பாய் வீட்டில் நோன்பு திறந்துவிட்டுத் தொழுகைக்குப் போவார்.

“உங்களுக்கு மட்டுமா?” என்றேன்.

“எல்லார்த்துக்குமுங்க. எங்க பக்கத்து ஊருக்காரங்க பூராவும் பாய்மாரோட மாத்திக்குவாங்க. எங்க அப்பாரு இந்த மில்லுல இருந்தப்பவே அப்புடித்தானுங்க. மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்த சொல்லிருவோம். அவரு செரிம்பாரு. எழுதிக் குடுக்கறதெல்லாம் கெடையாதுங்க.”

அதாவது, யாரும் ஏமாற்றவில்லை. இவர் தன் அட்டையைத்தான் இழுத்தார், பாயும் தன் அட்டையைத்தான் இழுத்தார். ஆனால் முழுநைட்டு என்று புரோகிராமில் இருக்கும் ஆள் காலையில் உள்ளே வந்தால் புரோகிராம் என்ன செய்யும்? பொருந்தவில்லை என்று தள்ளிவிடும். நோம்பி என்றால் அதற்கு என்ன தெரியும்? கேட்டிலே நேரம் பார்த்து எழுதிக்கொண்டிருந்த காலத்தில் டைம் ஆபீஸ் கிளார்க்குக்கு எல்லோரையும் முகம் பார்த்துத் தெரியும், அவர் மனதிலேயே மாற்றிப் போட்டுக்கொள்வார். மிஷின் வந்த பிறகும் அவர் அந்த ரிஜக்ட் தாளை வைத்துக்கொண்டு தினமும் கையால் திருத்திக்கொண்டுதான் இருந்தார். எல்லோருடையதையும் திருத்தியவர் ஆறுச்சாமியுடையதை மட்டும் ஏன் விட்டார்?

டீ நேரத்தில் அவரிடம் கேட்டேன். டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார்.

“பர்சனல் ஆபீசர் சொன்னாருங்க. அந்த ஒரு டோக்கன மட்டும் தொடாதீங்கன்னு. நான் ரண்டு பொட்டப்புள்ளைகளப் பெத்து வெச்சிருக்கறவனுங்க அம்மணி. என்னய இதுல இழுத்து உட்ராதீங்க.”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் நிலைமையும் அப்படி ஒன்றும் உசத்தி இல்லை. வீட்டில் மாமனார் படுத்த படுக்கை, வீட்டுக்காரருக்கு அடிக்கடி ஊர் மாறும் வேலை. இந்த வேலை போனால் எங்கே போவேன் என்று தினமும் காலை பஸ்ஸில் நினைத்துக்கொண்டுதான் வருவேன்.

அறைக்குத் திரும்பி வருகைப்பதிவு டேபிளில் தேடினேன். அவர் சொன்னது சரி, அந்த நாட்களில் ஆறுச்சாமி என்று ஒரு மனிதர் இருந்த அடையாளமே இல்லை. பிறகு அந்த டெக்ஸ்ட் டேபிளைத் திறந்தேன். இருந்தார். ஒவ்வொரு காலையும் உள்ளே, ஒவ்வொரு சாயங்காலமும் வெளியே. புரோகிராம் தள்ளிய ஒவ்வொரு வரியும் வந்தபடியே கிடந்தது. உண்மையைச் சொல்கிறேன், நாற்காலியில் உட்கார்ந்தபடி கை தட்டினேன். அப்படி ஒரு சந்தோஷம். மேனேஜரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. அந்த வரிகளுக்கு மேலும் கீழும் மற்றவர்களும் இருந்தார்கள். ஷிஃப்ட் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், வரிசையாக ஒருவர் இடத்தில் இன்னொருவர். சூலூர்ப் பக்கத்து ஏழெட்டு ஊர்க்காரர்கள், உக்கடத்து, கோட்டைமேட்டுப் பாய்மார்கள். கிளார்க்கின் திருத்தம் அவர்களைக் காப்பாற்றி வைத்திருந்தது. இந்த டேபிளை வெளியே எடுத்தால் அத்தனை பேரும் வெளியே வருவார்கள்.

மேனேஜரிடம் சொன்னேன். திரையை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமைங்களா என்கொயரி? நான் அன்னிக்கு இருக்க மாட்டனுங்க அம்மணி. உடுமலைல சொந்தத்துல ஒரு கல்யாணம். லீவு எழுதிக் குடுத்துட்டேன்.”

“நான் என்ன பண்றதுங்க சார்?”

“நீங்க பாத்துச் செய்யுங்க” என்றார். அவ்வளவுதான். அந்த டேபிளை வைக்கச் சொன்னவர் அவர். அது தேவைப்பட்ட ஒரே நாளில் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்ப்பார். தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பார், நெருக்கடி வந்தால் லீவு போடுவார். இரண்டையும் ஒரே மனிதர் செய்வார். அவரைத் திட்டித் தீர்த்துவிடாதீர்கள். நானும் அப்போது திட்டினேன், இப்போது திட்டுவதில்லை. அவருக்கு அவருடைய பயம்.

அடுத்த நாள் பர்சனல் ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார். எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை. அவர் வாயிலிருந்து மரியாதைக் குறைவாக ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார், மாமனார் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் டேபிளைத் திறந்து பார்த்தது யார் மூலமோ அவர் காதுக்குப் போய்விட்டது என்று புரிந்தது.

“ஏனுங்க அம்மணி, சர்வர்ல எடமே இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்திருந்தீங்களாமா? அந்த டெக்ஸ்ட்டு டேபிளு எதோ சும்மா கெடக்குதாமா. அத அழிச்சுப்போட்டா நல்லா எடம் கெடைக்குமுங்களே?”

டிஸ்க் நிறைகிறது என்று நான் எழுதிக் கொடுத்தது உண்மைதான். எவ்வளவு நேர்த்தியாக அதை எடுத்துப் பிடித்திருக்கிறார்!

“வேற டேபிளு சிலது அழிக்கலாமுங்க சார். இது வேண்டாம்.”

அவர் காபியை ஆற்றினார். “நீங்க வேலைக்காரங்க மேல எரக்கப்படறீங்க. நல்ல மனசு. ஆனா ஒண்ணு யோசிச்சுக்கோங்க. ஆறுச்சாமிக்காக நீங்க அத எடுத்துக் குடுத்தீங்கன்னா, அதுல இருக்கற அத்தன பேரையும் நான் பாத்தே ஆகணுமுங்க. பாத்ததுக்கப்புறம் பாக்காத மாதிரி இருக்க முடியாது. ஒருத்தருக்கு நல்லது பண்ணப் போயி எத்தன பேரத் தொந்தரவு பண்றீங்கன்னு பாத்துக்கோங்க. நீங்களே முடிவு பண்ணுங்க, நான் கட்டாயப்படுத்தலீங்க.”

நான் இத்தனை வருடத்தில் கேட்ட மிரட்டல்களிலேயே இதுதான் மிக மரியாதையானது. இதில் மோசமான விஷயம் என்னவென்றால், அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

வழி ஒன்று, டேபிளை அழித்துவிடுவது. அது வழியே இல்லை, அதை நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்று உங்களிடம் பெருமையாகச் சொல்ல ஆசைதான். யோசித்தேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது முழு வழியும் யோசித்தேன். வழி இரண்டு, ஆறுச்சாமியின் வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்து அடித்துக் கொடுப்பது. அவரும் பிழைப்பார், மற்றவர்களும் தப்பிப்பார்கள். உங்களில் கெட்டிக்காரர்கள் இதைத்தான் சொல்வீர்கள். ஆனால் பொறுக்கி எடுத்த பிறகு அது மிஷின் சொன்னதாக இருக்காது, நான் சொன்னதாக ஆகிவிடும். ஒரு ஆளின் வரிகளை மட்டும் இந்த அம்மா தட்டச்சு செய்துகொண்டு வந்திருக்கிறாள் என்று ஆபீசர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். முன்னும் பின்னும் மற்றவர்களின் வரிகள் வந்த வரிசையிலேயே இருந்தால்தான் நடுவில் இருக்கும் வரியை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. மூல டேட்டாவின் பலமே அதில் உங்களுக்கு வேண்டாததும் இருக்கிறது என்பதுதான். வேண்டாததைக் கழித்த நிமிடம் பலமும் போய்விடும்.

மூன்றாவது வழி, எல்லாவற்றையும் கொடுப்பது. அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. யாரோ நாற்பது குடும்பத்தின் சமாசாரம். யாரைக் கேட்டு நான் கொடுப்பேன்?

கேட்க வேண்டிய ஆளை நான் தேடிப் போவதற்குள் அவரே வந்துவிட்டார். வியாழக்கிழமை காலை, முழுநைட்டு முடிந்து போகும் வழியில், காதர் பாய் எங்கள் அறைக்கு வந்தார். தாடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

“அம்மணி, ஆறுச்சாமி எல்லாஞ் சொன்னானுங்க. அந்தத் தாளக் குடுத்தா என்ற பேரும் வருமுங்களா?”

“வருமுங்க பாய். உங்க பேரு மட்டுமில்ல.”

“நேத்து எல்லார்த்துகிட்டயும் பேசிட்டமுங்க. ரண்டு மூணு பேரு பயப்படறாங்க. பயப்படாம இருப்பாங்களா? ஆனா வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லலீங்க.” தாடியில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். “அவன் பொழப்புப் போயி, நான் மட்டும் உள்ள வந்து மிசின ஓட்டிட்டு இருந்தா, வாற நோன்புக்கு எம்மூஞ்சிய எங்கீங்க வெச்சுக்கறது? குடுத்துருங்க. என்கொயரி பண்ற வக்கீலு கேட்டா நானே வந்து சொல்றேன்.”

அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கு என்று கேட்டால் இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு இல்லாத தைரியம் அவருக்கு இருந்ததே என்றுதான் நினைக்கிறேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு பிரின்டரை ஓட விட்டேன்.

என்கொயரிக்கு வெளியிலிருந்து ஒரு வக்கீலை வைத்திருந்தார்கள். வயதானவர், மில்காரர்கள் வழக்கமாகக் கூப்பிடுகிறவர், அதனால் எனக்கு அவர்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. அவர் முன்னால் தாள் கட்டை வைத்தேன். ஆபீசர் எதிரே அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

“இது என்னம்மா, வெறும் எண்ணா இருக்கு?”

“மிஷின்ல இருந்து வந்ததுங்க. வந்தபடியே வெச்சிருக்கோம். எதையும் பிரிக்கல, சேக்கல, எடுக்கல.”

“வருகைப்பதிவுன்னு இவங்க குடுத்திருக்கறது?”

“அது இதுல இருந்து ஷிஃப்ட் பாத்துப் பிரிச்சதுங்க. பொருந்தாதத அது தள்ளிருமுங்க. தள்ளினதும் இதுல இருக்குது.”

அவர் ஒரு ஸ்கேலை வரியின் கீழே வைத்து, டோக்கன் நம்பரை விரலால் தேடித் தேடி, ஒவ்வொரு நாளாகப் பார்த்தார். ஆறுச்சாமி கைகட்டி நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. பிறகு வக்கீல் காதர் பாயைக் கூப்பிடச் சொன்னார். பாய் வந்து, ஆமாம், அந்த ராத்திரிகளில் ஆறுச்சாமியின் இடத்தில் நின்றது நான்தான், அவர் நோன்பில் எனக்காக நிற்பார், நாங்கள் எப்போதும் இப்படித்தான் என்றார். யார் அனுமதித்தது என்று கேட்க வக்கீல் மேஸ்திரியையும் வரவழைத்தார். தான்தான் என்று அவரும் கடைசியில் தலையாட்டினார்.

ஆறுச்சாமிக்கு வேலை போகவில்லை. வராத ஆள் என்று சொல்ல முடியாது, வந்திருக்கிறார் என்று வக்கீல் எழுதிவிட்டார். மில்காரர்கள் கூப்பிடுகிற வக்கீலாக இருந்தும் எழுதினார். அன்றைக்குச் சாயங்காலம் ஆறுச்சாமி எங்கள் அறைக்கு ஒரு சீப்புப் பூவன்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மேனேஜர் கல்யாணத்திலிருந்து திரும்பி வந்து அதில் இரண்டு சாப்பிட்டார்.

கதையை இங்கே முடித்தால் நன்றாக இருக்கும். மூல டேட்டாவைப் பத்திரமாக வையுங்கள், ஒரு மனிதரின் வேலையைக் காப்பாற்றலாம் என்று சொல்லிவிட்டு நான் படுக்கப் போகலாம். உங்கள் கூட்டங்களில் பேசுகிறவர்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள்.

ஆபீசர் சொன்ன சொல் தவறாதவர். அடுத்த வாரமே கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார். ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது விதிக்குப் புறம்பானது, மாற்றிக்கொண்டால் இருவரும் வராதவர்களாகவே கருதப்படுவார்கள், கையால் திருத்தம் செய்வது இன்றோடு நிறுத்தப்படுகிறது. யாருக்கும் தண்டனை இல்லை. காதர் பாய்க்கும் மேஸ்திரிக்கும் மெமோ மட்டும். பெருந்தன்மை என்று எல்லோரும் சொன்னார்கள்.

எனக்கு மனது ஆறவில்லை. நானாகவே அவர் அறைக்குப் போனேன். புரோகிராமில் ஓர் எழுத்துச் சேர்த்தால் போதும் சார், மாற்று ஷிஃப்ட் என்று ஒரு குறி, மேஸ்திரி கையெழுத்துப் போட்டால் நான் ஏற்றிவிடுகிறேன், ரிஜக்டே ஆகாது, அரை நாள் வேலை என்றேன்.

அவர் சிரித்தார். உண்மையிலேயே என்மேல் பரிதாபப்பட்டுச் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

“அம்மணி, எழுதாத வரைக்கும் அது நாங்க பாத்துப் பண்ற ஒரு ஒத்தாச. நீங்க சொல்ற மாதிரி எழுதி வெச்சா அது அவுங்க உரிமை ஆயிருமுங்க. அத யாருங்க ஒத்துக்குவாங்க?”

அந்த ஒரு வாக்கியம்தான் என் பணிக்காலம் முழுக்க என்னோடு வந்தது. எழுத்தில் இல்லாததால் இவ்வளவு காலம் ஓடிக்கொண்டிருந்த ஒன்று, எழுத்தில் வெளியே வந்ததும் நின்றுவிட்டது. வெளியே எடுத்தது நான். இன்னொரு தடவை அதே வெள்ளிக்கிழமை வந்தாலும் அதைத்தான் செய்வேன், ஒரு மனிதரைப் பொய்யாகத் துரத்த விடமாட்டேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன் என்று மட்டும் யாரும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து வந்த ரமலானில் காதர் பாய் அரைநைட்டில் மிஷின் பக்கத்தில் நின்றபடியே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு திறந்தார் என்று மேஸ்திரி சொன்னார். பிறகு நோம்பி மாதம் வந்தது. காலையில் ஃபிளாப்பியை ஏற்றினேன். ரிஜக்ட் தாள் வெறுமையாக வந்தது. மறுநாளும் அப்படியே. மாதம் முழுவதும் ஷிஃப்ட் பொருந்தாத வரி என்று ஒன்றுகூட இல்லை. மேனேஜர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பரவால்லீங்களே அம்மணி. இப்பத்தான் நம்ம டேட்டா சுத்தமாயிருக்குது.”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையான திருப்தியோடு சொன்னார். எனக்கு அன்று வேலை ஓடவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் கலவரமும் குண்டுவெடிப்பும் நடந்து எங்கள் ஊர் எப்படி ஆனது, உக்கடத்துப் பக்கம் போகவே மற்றவர்கள் எப்படித் தயங்கினார்கள் என்பதைப் பெரியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நோட்டீசுக்கும் அதற்கும் முடிச்சுப்போட நான் முட்டாள் இல்லை. ஆனாலும் ஒருவருக்காக ஒருவர் மிஷின் முன்னால் நின்றுகொண்டிருந்த ஓர் ஏற்பாடு முன்னமே நின்றுபோயிருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நோம்பி முடிந்த அந்த வாரத்தில் ஒருநாள் காலை நான் உள்ளே போகும்போது முழுநைட்டு விட்டு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஆறுச்சாமி என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றார். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

“நோம்பி நல்லா நடந்துதுங்களா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நல்லா நடந்துதுங்க. நான் பகல்ல ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு, பொழுதோட பஸ் ஏறி வந்துட்டனுங்க. இந்த வருசம் காப்புக் கட்டலீங்க. எங்கூரு நோம்பிக்கு நானே ஒறம்பரையாட்டப் போயிட்டு வந்தேன்.”

சொந்த ஊருக்கு விருந்தாளியாகப் போய்வந்ததை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் சங்கடப்படுவதை அவர் கண்டுகொண்டார். பேச்சை மாற்றுவதற்காகவோ, இல்லை உண்மையிலேயே தெரிந்துகொள்ளவோ, கேட் பக்கம் தலையைக் காட்டிக் கேட்டார்.

“மிசின்ல என்ற பேரு இந்தத் தடவ செரியா உளுகுதுங்களா அம்மணி?”

ஒரு நாள் விடாமல் விழுந்திருந்தது. ராத்திரி உள்ளே, காலையில் வெளியே.

“செரியா உளுகுதுங்க” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.